பாலும் தயிரும் சீஸும், பிறகு மறதிநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மறதி முதலில் தெரிந்தது பாலில்தான். காலை ஆறு மணிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு அம்மா வாசலுக்குக் கோலம் போடப் போவார். கடைசி இழை முடிவதற்கும் பால் பொங்கி மேலே வருவதற்கும் சரியாக இருக்கும். ஐம்பது வருஷப் பழக்கம். அந்த ஆண்டு மட்டும் மூன்று மாதத்தில் நாலு முறை பொங்கி வழிந்தது. நாலாவது முறை பாத்திரமே கருகிவிட்டது. கேட்டதற்கு, "பாலா? நான் வைக்கவே இல்லையே" என்றார்.

அதற்குப் பிறகு உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் பாதி பாலைப் பற்றியவை. நான் டாக்டர் இல்லை. ஆராய்ச்சிச் செய்தி வந்தால் தலைப்போடு நிறுத்தாமல் உள்ளே போய்ப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

சீஸ் சாப்பிட்டால் டிமென்ஷியா, அதாவது மறதிநோய், வராதாமே? வாட்ஸ்அப்பில் வந்ததே?

வந்தது. எனக்கே மூன்று குழுக்களில் வந்தது. அதன் மூலம், 2025 டிசம்பரில் 'நியூராலஜி' மருத்துவ இதழில் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு. மால்மோ நகரில் 27,670 பேரிடம் 1990களில் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார உணவுக் குறிப்பு எழுதி வாங்கினார்கள். அப்போது அவர்களின் சராசரி வயது 58. பிறகு சராசரியாக 25 ஆண்டுகள் அவர்களைக் கண்காணித்தார்கள். 3,208 பேருக்கு டிமென்ஷியா வந்தது.

கொழுப்பு 20 சதவீதத்துக்கு மேல் உள்ள சீஸை நாளுக்கு 50 கிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. 15 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களில் 13 சதவீதம். வயது, படிப்பு, மற்ற உணவு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அபாயம் 13 சதவீதம் குறைவாக இருந்தது. கெட்டி கிரீமை நாளுக்கு 20 கிராம் சேர்த்தவர்களுக்கு 16 சதவீதம் குறைவு.

வாட்ஸ்அப்காரர்கள் வெட்டிவிட்ட பாதி ஒன்று உண்டு. அதே ஆய்வில் பாலுக்குத் தொடர்பில்லை. தயிர் மாதிரிப் புளிக்கவைத்த பாலுக்கும் இல்லை, வெண்ணெய்க்கும் இல்லை, கொழுப்பு குறைத்த சீஸுக்கும் இல்லை. "பால் பொருள் மூளைக்கு நல்லது" என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

நல்ல செய்திதானே, அதில் என்ன சந்தேகம்?

சீஸ் நிறையச் சாப்பிட்டவர்கள் யார் என்று பாருங்கள். அதிகம் படித்தவர்கள். உடல் எடை குறைவு. சர்க்கரை, பிரஷர், இதயநோய் குறைவு. இவை ஒவ்வொன்றுமே தனியாக டிமென்ஷியா அபாயத்தைக் குறைப்பவை. கணக்குப் போட்டு இவற்றைக் கழிக்கலாம். ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கை வசதி முழுவதையும் கழித்துவிட முடியாது. இன்னொன்று, சாப்பாட்டை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறார்கள். 58 வயதில் சாப்பிட்டதையே 80 வரை சாப்பிட்டார்களா, தெரியாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சீஸ் சாப்பிடாதவர் அந்த இடத்தில் எதைச் சாப்பிட்டார்? ஸ்வீடனில் காலை ரொட்டிமேல் ஒன்று சீஸ் துண்டு இருக்கும், இல்லாவிட்டால் பதப்படுத்திய இறைச்சி இருக்கும். சீஸின் நன்மை என்று நமக்குத் தெரிவது, சாசேஜ் இல்லாததன் நன்மையாகவும் இருக்கலாம். நம் ஊரில் காலைப் பலகாரத்தில் இந்தப் போட்டியே கிடையாது. இட்லியில் சாசேஜுக்குப் பதில் சீஸ் என்று யாரும் வைப்பதில்லை.

அப்படியானால் பன்னீர்? கடையில் விற்கிற சீஸ் ஸ்லைஸ்?

பன்னீர் அந்த ஆய்வில் இல்லை. பாலை எலுமிச்சையால் திரித்து வடிகட்டினால் பன்னீர். நுண்ணுயிர் வேலை செய்து மாதக்கணக்கில் பக்குவப்பட்ட சீஸ் வேறு பண்டம். புரதத்துக்குப் பன்னீர் அருமையான உணவு. மறதிக்கு மருந்து என்று வாங்காதீர்கள்.

ஸ்லைஸ் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். ஒரு ஸ்லைஸ் சுமார் 20 கிராம். ஆய்வில் சொன்ன அளவுக்கு தினம் இரண்டரை ஸ்லைஸ் வேண்டும். அது பெரும்பாலும் 'பிராசஸ்டு' சீஸ், உப்பு தாராளம். வீட்டில் ஊறுகாய், அப்பளம், ரசம் என்று ஏற்கெனவே உப்பில் நீந்துகிறோம். பிரஷர்காரருக்கு இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மூளையைக் காப்பாற்றுகிறேன் என்றால், ரத்த அழுத்தம்தானே மூளை ரத்தக்குழாய்க்கு முதல் எதிரி?

ஜப்பானில் 2025இல் வந்த இன்னொரு ஆய்வில், வாரம் ஒரு முறையாவது சீஸ் சாப்பிடும் முதியவர்களில் மூன்று ஆண்டுகளில் 3.4 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 4.5 சதவீதம் பேருக்கும் டிமென்ஷியா வந்தது. அங்கே பெரும்பாலானோர் சாப்பிட்டது பிராசஸ்டு சீஸ்தான். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு பால்பொருள் நிறுவனம். அதனாலேயே பொய் என்று ஆகிவிடாது. தலையணைக்கடியில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம்.

வெறும் பால் குடிப்பது நல்லதா, கெட்டதா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் ஃபுகுவோகா பக்கத்தில் ஹிசயாமா என்று ஒரு சிறு ஊர். 1961 முதல் கியூஷு பல்கலைக்கழகம் அந்த ஊர்க்காரர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. அங்கே 60 வயது தாண்டிய, மறதிநோய் இல்லாத 1,081 பேரை 17 ஆண்டுகள் பார்த்தார்கள். 303 பேருக்கு டிமென்ஷியா வந்தது. பால் பொருள்கள் அதிகம் எடுத்தவர்களுக்கு, டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் குறைவாக வந்திருந்தது.

அமெரிக்காவில் 'ஆரிக்' ஆய்வில் 13,751 பேரை நடுவயதிலிருந்து 20 ஆண்டுகள் பார்த்தார்கள். அங்கே தினம் ஒரு கிளாஸுக்கு மேல் பால் குடித்தவர்களுக்கு நினைவும் சிந்தனை வேகமும், பாலே குடிக்காதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சரிந்திருந்தன. ஃபின்லாந்தில் 2,497 ஆண்களை 22 ஆண்டுகள் பார்த்த ஆய்வில் சீஸ் மட்டும் நல்ல பக்கம் நின்றது.

ஒரே பால், எப்படி இங்கே நல்லது, அங்கே கெட்டது?

ஹிசயாமாவில் 'அதிகம்' என்ற வகுப்பின் அளவைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாளுக்குக் கிட்டத்தட்ட 200 கிராம், பால் பொருள் எல்லாம் சேர்த்து. நம் வீட்டில் ஒரு டம்ளர் பால் கணக்கு. 'குறைவு' என்ற வகுப்பு, காபிக்கு ஊற்றும் அளவுகூட வராது. பாலே அதிகம் பழகாத ஊரில், சோறும் மீனும் சோயாவும் உண்பவர் அரை டம்ளர் பால் சேர்த்தால், கால்சியம் போன்ற விடுபட்ட சத்துகள் வந்து சேர்கின்றன. அதே ஊரில் செய்த இன்னொரு ஆய்வில் நல்ல பலன் தந்த உணவுமுறையில் சோயா, காய்கறி, கடற்பாசி, பால் எல்லாம் இருந்தன. சோறு குறைவாக இருந்தது. பால் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

அமெரிக்கர் ஏற்கெனவே தேவைக்கு மேல் உண்பவர். அவருக்கு இன்னொரு கிளாஸ் பால் புதிதாக எதையும் நிரப்புவதில்லை.

நமக்கு இதில் எது பொருந்தும்? காலையும் மாலையும் காபி, மதியம் தயிர், ராத்திரி ஒரு டம்ளர் பால் என்று போகிற வீடு ஹிசயாமா இல்லை. பால் விலைக்குப் பயந்து கருப்புக் காபியோடு நிறுத்திக்கொள்ளும் தனியான பாட்டி ஒருவேளை ஹிசயாமாதான். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது.

தயிர், மோர்?

என் மனசுக்குத் தயிர்சாதம் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் டிமென்ஷியாவைத் தயிர் தடுக்கிறது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஸ்வீடனில் புளித்த பாலுக்குத் தொடர்பே தெரியவில்லை என்று மேலே சொன்னேன். குடலுக்கும் மூளைக்கும் உறவு உண்டு என்பது உண்மை. அதில் நடக்கிற ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளோடு நிற்கின்றன. ஜப்பானில் கமம்பெர் சீஸிலிருந்து ஒலியமைடு என்ற பொருளைப் பிரித்து, எலிகளின் மூளைக் காவல் செல்கள் அல்சைமர் கழிவை நன்றாக விழுங்கின என்று காட்டினார்கள். எலிக்கு நல்ல செய்தி.

தயிருக்கு வேறு பெருமைகள் இருக்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் தயிர் ஓரளவு ஒத்துக்கொள்ளும். பல் போன வாய்க்கு இதம். நீர்மோரில் மட்டும் உப்பைக் கை நிறையப் போடாதீர்கள்.

நெய் மூளைக்கு நல்லது என்கிறார்களே?

இதைச் சொல்லாத பாட்டி கிடையாது. மனிதர்களிடம் நெய்யைக் கொடுத்து டிமென்ஷியா குறைந்ததைக் காட்டிய ஆய்வை நான் பார்த்ததில்லை. ஒரு டீஸ்பூன் நெய்யில் சுமார் 3 கிராம் நிறைகொழுப்பு. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளுக்கு 22 கிராம் நிறைகொழுப்புதான் உலக சுகாதார நிறுவனம் வைக்கும் உச்சவரம்பு. வயதானவர் இவ்வளவு சாப்பிடுவதில்லை, அவருக்கு இன்னும் குறையும். பருப்புசாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய் யாரையும் எதுவும் செய்துவிடாது. "மூளைக்கு" என்று காலையில் வெறும் வயிற்றில் ரெண்டு ஸ்பூன் குடிக்கிறவர்கள் ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு டிமென்ஷியா அபாயப் பட்டியலில் புதிதாகச் சேர்த்த இரண்டில் ஒன்று, நடுவயதில் உயர்ந்திருக்கும் எல்டிஎல்.

கொழுப்பு குறைந்த பாக்கெட்டுக்கு மாறலாமா?

பாக்கெட்டின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அச்சடித்த சதவீதத்தைப் பாருங்கள். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5, ஃபுல் கிரீம் என்றால் 6. அரை லிட்டர் ஃபுல் கிரீம் குடித்தால் 30 கிராம் கொழுப்பு, டோன்டு குடித்தால் 15. மூளைக்காக இதை மாற்றச் சொல்ல எந்த ஆய்வும் போதாது. இதயத்துக்காக மாற்றலாம். மெலிந்துபோகும் முதியவருக்கு நேர்மாறாக, கெட்டிப் பாலே கொடுங்கள்.

பி12 என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அம்மா சைவம். சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருஷமாக மெட்ஃபார்மின். கால் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் காட்டிய இடத்தில் "வயசாச்சு, அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து வேறு டாக்டர் அவருடைய நாக்கைப் பார்த்தார், வழவழவென்று சிவந்திருந்தது. உடனே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பரிசோதிக்கச் சொன்னார். 200க்குக் கீழே இருந்தால் குறைபாடு, அம்மாவுக்கு 118.

பி12 செடிகொடியில் கிடையாது. அசைவம் சாப்பிடாதவருக்குப் பாலும் தயிரும்தான் அன்றாட வழி. ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கும். நாள் தேவை இரண்டுக்குச் சற்று மேல். வயதானால் வயிற்று அமிலம் குறைந்து, சாப்பிட்டதே உடம்பில் சரியாகச் சேராது. மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சல் மாத்திரைகளும் இன்னும் குறைக்கும். குறைபாடு முற்றினால் மறதி, குழப்பம், தடுமாற்றம் எல்லாம் வரும், பார்க்க டிமென்ஷியா மாதிரியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் இதற்கு ஊசி இருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்தால் திரும்பவும் முடியும்.

ஊசி போட்டபின் அம்மாவின் கால் எறும்பு போய்விட்டது. சோர்வு போனது. மறதி கொஞ்சம் தெளிந்து, அப்புறம் திரும்ப வந்தது. அவருக்கு இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கிறது. ஆனால் பி12 மட்டுமே காரணமாக இருந்த ஒரு பெரியப்பா, இன்று கல்யாண வீடுகளில் எல்லோர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இதற்கு அர்த்தம், குறைபாடு இல்லாதவரும் பி12 விழுங்க வேண்டும் என்பதல்ல. டிமென்ஷியாவைத் தடுக்க பி வைட்டமின் மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை முதலில்.

நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் குடித்தால்?

விலை இரண்டு மடங்கு. டிமென்ஷியாவோடு தொடர்புபடுத்த மனித ஆய்வுகளில் உருப்படியாக எதுவும் இல்லை. 2024 ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஏ1, ஏ2 என்று (பாலில் உள்ள ஒரு புரதத்தின் இரண்டு வகைகள்) பாக்கெட்டில் போடுவதை எடுக்கச் சொன்னது; சில நாள்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. சுவை பிடித்தால் வாங்குங்கள்.

பாலுக்குப் பதில் கால்சியம் மாத்திரை போதுமா?

தானாக ஆரம்பிக்காதீர்கள். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரில் 70 முதல் 92 வயது வரையான 700 பெண்களை ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். முன்பே பக்கவாதம் வந்தவர்களில், கால்சியம் மாத்திரை எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம் பல மடங்கு கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான், காரணம் அதுவேதான் என்று சொல்லிவிட முடியாது. மாத்திரை ரத்தத்தில் கால்சியத்தைத் திடுமென்று ஏற்றும். பாலும் கேழ்வரகும் மெல்ல ஏற்றும். எலும்புக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தவும் வேண்டாம், பக்கவாதம் வந்திருப்பதை அவரிடம் சொல்லுங்கள்.

பால்மா, டின்பால், பாலில் கலக்கும் சத்துமாவு?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அக்கா கேட்டது. பால்மா, தண்ணீர் எடுத்த பால். முழுக்கொழுப்பா, கொழுப்பு நீக்கியதா என்று மட்டும் பாருங்கள். டின்பால் பாதிக்குப் பாதி சர்க்கரை மாதிரி. டப்பாவில் வருகிற சத்துபானங்கள் பலவற்றிலும் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. "அப்பா தினம் ரெண்டு வேளை பால் குடிக்கிறார், ஆரோக்கியம்தான்" என்பவர்களிடம் நான் கேட்பது, ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று. பால் டிமென்ஷியாவுக்கு நண்பனா எதிரியா என்பதில் சண்டை இருக்கிறது. நீரிழிவைப் பற்றிச் சண்டையே இல்லை.

பாலே குடிக்காவிட்டால் மறதி வருமா?

வராது. பி12, கால்சியம், புரதம் வேறு வழியில் வந்தால் போதும். மீனும் முட்டையும் சாப்பிடுகிறவர்களுக்கு இது கவலையே இல்லை. முழுச் சைவமாக, பாலும் விட்டவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும்.

சரி, எதைத்தான் செய்வது?

லான்செட் குழு 2024இல் மாற்றக்கூடிய 14 அபாயங்களைச் சொன்னது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காது கேளாமை, எல்டிஎல், பிரஷர், சர்க்கரை, புகை, தனிமை, பார்வைக் குறை எல்லாம் அதில் இருக்கின்றன. பாலும் இல்லை, சீஸும் இல்லை. மூளைக்கென்றே அமெரிக்காவில் வடிவமைத்த 'மைண்ட்' உணவுமுறை சீஸைக் குறைக்கத்தான் சொல்கிறது. அதையும் 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள்; வழக்கமான உணவைச் சற்றுக் குறைத்து உண்டவர்களைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கு. அவர்களில் எத்தனை பேர் காது மெஷின் வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட்டவர்களோ. சீஸ் வாங்குகிற காசை அதற்குச் சேர்த்து வையுங்கள்.

ஏற்கெனவே மறதிநோய் வந்தவருக்குப் பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இந்தக் கட்டத்தில் தடுப்பு, ஆய்வு எல்லாம் பின்னுக்குப் போய், எடை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தைராய்டு மாத்திரை போட்டால் பாலையும் கால்சியத்தையும் நன்றாகத் தள்ளிக் கொடுங்கள். எவ்வளவு நேரம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்கும்போது இருமல் வந்தால் நிறுத்திவிட்டு விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நீர்த்த பாலைவிடக் கெட்டித் தயிர் எளிதாக இறங்கக்கூடும்.

அம்மா டம்ளரை எதிரில் வைத்தாலும் எடுக்க மாட்டார். பிடிக்கவில்லை என்று நினைத்தோம். பாஸ்டனில் 2004இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், முற்றிய அல்சைமர் நோயாளிகள் ஒன்பது பேருக்கு வெள்ளைப் பாத்திரத்தை மாற்றி அடர்சிவப்புப் பாத்திரத்தில் கொடுத்தபோது, அவர்கள் குடித்த அளவு 84 சதவீதம் கூடியது என்று பிற்பாடு படித்தேன். நிற வேறுபாடு சரியாகத் தெரியாததால், வெள்ளையில் வெள்ளை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, பேத்தியின் சிவப்பு பிளாஸ்டிக் டம்ளரில் பால் ஊற்றி வைத்தேன். பார்த்தார். எடுத்தார். பாதி குடித்துவிட்டு, "சர்க்கரை போடலையா?" என்றார்.